ஜெனரேட்டரை நிறுத்திய கை

அந்த ஜெனரேட்டர்காரர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா இறந்த அன்று எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து பெரியப்பாவின் மகன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அரியலூரிலிருந்து டிராக்டரின் பின்னால் ஜெனரேட்டர் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார் அவர்.

ஒல்லியான ஆள். சட்டை முழுக்க டீசல் கறை. இழுவை வண்டிக்குப் பிரேக் கிடையாது. அதனால் டிராக்டரைக் கழற்றும் முன்பே இரண்டு டயர்களுக்கும் முன்னும் பின்னும் கருங்கல் வைத்து, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தார். வாசலில் இடம் காட்டியும் கேட்காமல், நான்கு வீடு தள்ளி நிறுத்தி நீளமாக ஒயர் இழுத்தார்.

"பக்கத்துல வெச்சா அழுவுற சத்தம் காதுல வுழாதுங்க."

மாலையில் டீ கொண்டுபோனபோது, "உள்ள வந்து மொகத்த ஒருதடவ பாத்துட்டு வாங்களேன்" என்றேன். துக்கத்துக்கு வந்தவர் யாரும் முகம் பார்க்காமல் போவதில்லை.

"வேணாங்க தம்பி. மொகத்தப் பாத்துட்டா அப்பறம் எந்த வூட்டுலயும் இத நிறுத்தக் கை வராது."

மறுநாள் மகன் வந்தான். பெரியப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நான் வாசலில் நின்று கையைக் காட்டினேன். ஜெனரேட்டர் நின்றது. அழுகை மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

பாடை அவர் வண்டியைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கண்களை மட்டும் இறுக மூடியிருந்தார்.