விடுபட்ட b

வெப்பநிலை வரைபடத்தில் மூன்றாம் அறையின் கோடு மட்டும் மேலே ஏறியிருந்தது. ஷா ஆலமில் மருந்துகளை வைக்கும் குளிர்க் கிடங்கு அது. மொத்தம் நான்கு அறைகள். அவற்றின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் ப்ரோக்ராமை எங்கள் சின்னக் கம்பெனி சி மொழியில் எழுதிக் கொடுத்திருந்தது. எழுதியவர் என் பக்கத்து மேசை அக்கா. வரைபடத்தை நம்பி, மூன்றாம் அறையின் பொறுப்பாளரை, கதவைச் சரியாக மூடவில்லை என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கிள்ளான்காரர். தன் கதவு மூடித்தான் இருந்தது என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

அக்காவுக்கு ஒன்று உறுத்தியது. அந்தக் கோடு ஏறத் தொடங்கிய இடத்தில், இரண்டாம் அறையில் ஒரே ஒரு முறை பதின்மூன்று டிகிரி பதிவாகி உடனே இறங்கியிருந்தது. குளிர் அறை அப்படித் துள்ளாது. முதலில் பஃபரைச் சந்தேகப்பட்டார். கோப்பில் எழுதச் சொல்லும் fwrite கட்டளை கொடுப்பது நேராக வட்டுக்குப் போவதில்லை. நினைவகத்தில் கொஞ்சம் சேர்ந்த பிறகு மொத்தமாகப் போகும். வழியில் ஏதாவது தொலைந்ததா என்று பார்த்தார். தொலையவில்லை. நாங்கள் எழுதியதைவிடக் கோப்பில் ஒரு பைட் கூடுதலாக இருந்தது.

எங்கள் பதிவு எளிமையானது: ஓர் அறைக்கு ஒரு பைட், ஒன்றிலிருந்து நான்குவரை வரிசையாக, திரும்பத் திரும்ப. கோப்பைத் திறக்கும் வரியில் "wb" என்று இருக்க வேண்டிய இடத்தில் அக்கா "w" என்று மட்டும் எழுதியிருந்தார். b இல்லாவிட்டால் விண்டோஸ் அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்துக்கொள்ளும். பத்து என்ற எண் வந்தால் புது வரி என்று நினைத்து, அதற்கு முன்னால் பதின்மூன்றைத் தானாகச் செருகும். எட்டு டிகிரியைத் தாண்டாத அறைகளில் பத்து வந்ததே இல்லை. எங்கள் சோதனையிலும் வரவில்லை. அன்று சூடேறிப் பத்தைத் தொட்டது இரண்டாம் அறை. செருகிய அந்தப் பதின்மூன்றால் பின்னால் வந்ததெல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய், இரண்டாம் அறையின் சூடு மூன்றாம் அறையின் பெயரில் விழுந்தது.

"அப்படின்னா ரெண்டாம் ரூம் மருந்து?" என்றார் அக்கா.

அங்கே இருந்தது சூடுபட்டால் கெட்டுவிடும் இன்சுலின். கெடாத மருந்தாகக் கணக்கில் இருந்தது. எங்கள் மேலாளர், ப்ரோக்ராமின் அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், வெளியே சொன்னால் ஒப்பந்தம் போய்விடும் என்றார். அக்கா கார் சாவியை எடுத்தார். நானும் கூடப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்திங் கிளினிக்குகளுக்குப் போகும் லோரியில் அந்த அறையின் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அக்கா கிடங்கு மேலாளரிடம் நேராகப் போய் நடந்ததைச் சொன்னார். பெட்டிகள் இறங்கும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு கிள்ளானுக்கு, பொறுப்பாளர் வீட்டுக்குப் போனோம். அவர் கோபப்படவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "இத அங்க எல்லார் முன்னாலயும் சொல்லுவியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை கிடங்கு ஊழியர்கள் முன்னால் அக்கா மலாயிலும் தமிழிலும் சொன்னார். பொறுப்பாளர் தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி தன் குளிர் அறைக்குள் வேலைக்குப் போனார்.

எங்கள் மேலாளர் பயந்தபடியே ஒப்பந்தம் போனது. சில மாதங்களில் அக்காவும் கம்பெனியை விட்டார். இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் வேறு வேலை. போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடும்போது, அன்று பேசாமல் இருந்திருக்கலாமோ என்று எப்போதாவது தோன்றியதுண்டா என்று கேட்டேன்.

"லோரி கிளம்பியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னுதான் தோணும்லா" என்றார்.