சரளை மேட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்ததற்கு மன்னியுங்கள்.

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கண்மாயில், ரோமம் கத்தரிப்பதற்கு முன் எங்கள் செம்மறி ஆடுகளைக் குளிப்பாட்டினோம். மண் ஒட்டாமல் காயட்டும் என்று சரளை மேட்டுக்கு ஓட்டினோம். அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி சிறகை விரித்துக் கத்தியபடி வழிமறித்தது. அதன் பின்னால் கூழாங்கல் நிறத்தில் முட்டைகள். இத்தனை ஆடுகளைக் கண்டும் இது ஏன் பறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முன்னால் போன கிடாயும் நின்றுவிட்டது.

"ஏங்க, அங்கிட்டு ஓட்டுவமா?"

"அங்கிட்டுப் பூராம் புழுதி. அழுக்கு ரோமத்தை எவன் வாங்குவான்?" என்றார் கணவர்.

"கிடாயே நின்னுருச்சு. நீங்க போயி முட்டப் போறீகளாக்கும்?"

சிரித்துவிட்டு, புழுதிப் பக்கமே ஓட்டினார். அவரிடம் எதிர்த்துப் பேசியறியாத எனக்கு அன்று எப்படி வாய் வந்ததென்று இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் கம்பளி வியாபாரி, புழுதி என்று ரோமத்தில் பாதியை ஒதுக்கிவிட்டார். குருவி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.