பெயர் மட்டும் இருந்த கம்பனி

பங்குச் சந்தையில் மலிவாகக் கிடைத்த ஒரு கம்பனியில் எங்கள் சேமிப்பு முழுவதையும் போட என் கணவர் ஆசைப்பட்டார். ஏரிக்கரையில் வீடு வாங்குவதாக இருவரும் கனவில் மிதந்தோம். அதன் அலுவலகம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட மோர்னிங்சைட் வீதியில் இருந்ததால், ஒருநாள் பார்க்கப் போனோம். ஓசையில்லாமல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கடைகள் நிறைந்த பிளாசாவின் மாடியில் ஒரே ஒரு அறை. கணக்காளர் ஒருவர் தனியே யன்னலோரம் இருந்தார்.

“கம்பனி எங்கை, அண்ணை?” என்று கணவர் கேட்டார்.

“இதுதான் தம்பி. தொழில் நிண்டு கனகாலம். சந்தையிலை பேர் மட்டும் இருக்கு. அந்தப் பேரை அங்கை வைச்சிருக்கிற செலவுக்கே டிரெக்டர்தான் கடன் குடுக்கிறார்.”

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பங்கு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, பனிக்குள் வீடுவரை நடந்தோம்.

இப்போது யாராவது ஒரு பங்கைப் புகழ்ந்தால், அந்தக் கம்பனி என்ன வேலை செய்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.