சங்கு நடந்த பஸ்

ஸ்டெல்லா அக்கா இறைவனடி சேர்ந்த செய்தி எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். கையிலிருந்த முருங்கைக்காயை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பங்குக்காரரைக் கென்ட் கடற்கரைக்கு அக்காவும் நானும்தான் கூட்டிப்போவோம். சாப்பாடு அவர் பொறுப்பு, பஸ் என் பொறுப்பு. நேரம் பிந்தினால் எனக்குப் பொறுக்காது. அக்காவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எங்கள் ஆட்கள் கடற்கரையிலிருந்து சும்மா வருவார்களா? நத்தாருக்கு யேசு பாலன் குடில் சோடிக்கவென்று பை நிறையச் சிறு சங்குகள் பொறுக்குவார்கள். ஒருமுறை பஸ் புறப்பட்டதும் பையிலிருந்த சங்கொன்று நடக்கத் தொடங்கியது. கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில், வெறும் சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டு அது. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"பஸ்ஸைத் திருப்பச் சொல்லு தம்பி."

"ஒரு நண்டுக்காகத் திருப்ப ஏலாது அக்கா."

"அப்ப என்னை இறக்கி விடு. நான் ரெயினிலை வாறன்."

"ஊரிலை, மன்னாரிலை, உந்த நண்டைத் தூண்டிலிலை இரையாக் குத்திறனீங்கள்தானே?"

"ஓம், குத்தினனாங்கள். அது வயித்துப்பாட்டுக்கு. பாலனுக்குக் குடில் சோடிக்க ஆரும் உயிரெடுப்பினமோ?"

தனியே விட மனமில்லாமல் நானும் இறங்கினேன். சங்கை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தோம். அதற்குள் கடல் ஏறிவிட்டது. அக்கா முழங்காலளவு தண்ணீரில் இறங்கிச் சங்கை ஒரு பாறையில் வைத்தார். அது அசையவில்லை. "செத்துப்போச்சு, வாங்கோ" என்றேன்.

"பொறு. பயந்துபோய் இருக்கும்."

கால் விறைக்கும்வரை நின்றோம். சங்கிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. நண்டு பாறையிடுக்குக்குள் போய்விட்டது. "சரி, இனி ரெயினைப் பாப்பம்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அவர் பஸ் வாசலில் ஒரு சட்டியில் கடல்தண்ணீர் வைத்து, எல்லாருடைய சங்குகளையும் அதில் போட்டுப் பார்த்துத்தான் ஏறவிடுவார். நான் புறுபுறுத்தது பஸ்ஸில் வந்த உங்களுக்கு ஞாபகமிருக்கும்.

இந்தக் கோடையில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். சட்டிக்குப் பக்கத்தில் அவருக்குப் பதிலாக நான் நிற்க, அவரிடமிருந்து போன் வந்தது.

"வெளிக்கிட்டிட்டியளோ?"

"இல்லை அக்கா. சங்கு பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"அவசரப்படாதை" என்றார். குரல் மெலிந்திருந்தது.

அன்று கடைசியாகப் போட்ட சங்கு நடந்தது. அதைச் சொல்லத் திரும்பப் போன் எடுத்தேன். அவர் நித்திரை என்று மகள் சொன்னாள். பிறகு அவரோடு பேசக் கிடைக்கவில்லை.

சட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. இப்போதே சொல்லிவைக்கிறேன்: அடுத்த கோடையிலும் பஸ் பிந்தித்தான் புறப்படும்.