டாங்கியின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் மூன்று மாடுகள். இரண்டு யார் கைக்கும் கறக்கும். மூன்றாவதுக்கு என் கைதான் வேண்டும். மனைவி உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொள்ளும், கறவைக்காரர் உட்கார்ந்தால் உதைக்கும். ஒரு வேளை தவறினாலே மடி வீங்கிக் காய்ச்சல் கண்டுவிடும். காலை ஐந்து மணிக் கறவைக்கும் மாலை மூன்றரைக் கறவைக்கும் நடுவில், மீனாட்சிபுரத்திலிருந்து எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ, பதினோரு வருடமாக அவ்வளவுதான் எனக்குப் பூமி.

அந்த நேரத்தில் நான் பட்டாளச் சாமான் செய்கிறேன். சிரிக்க வேண்டாம். கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர், போர்க்களக் காட்சிகளைச் சிறு உருவில் செய்து வைப்பவர். சிறிது என்றால் ஆறில் ஒரு பங்கு. அவருடைய டாங்கி ஒரு தொட்டில் நீளம் இருக்கும். அதன்மேல் தொங்கும் வாளி, மண் மூட்டை, தார்ப்பாய், கயிறு எல்லாம் என் பொறுப்பு. கடையில் வாங்கினால் பொம்மைச் சாமான் போலிருக்கிறது என்பார். எனக்கு வேண்டியது தொழுவத்திலேயே கிடைத்தது. பால் வடிகட்டும் பழைய துணியை டீத்தண்ணீரில் ஊறவைத்துத் தைத்தால் மண் மூட்டை. மிருகாஸ்பத்திரியில் அடையாளத்துக்கு மாட்டுக் காதில் அடித்து, பிறகு கழன்று விழுந்த மஞ்சள் வில்லையை வெட்டி வர்ணம் பூசினால் பெல்ட் பக்கிள். பாக்கு மட்டையைத் தேய்த்து மெழுகு போட்டால் தோல் பை.

முதலில் அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். கயிற்றையெல்லாம் மாடு கட்டுகிற உருவு முடிச்சாகப் போட்டிருந்தேன், ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி. கை பழகிய பழக்கம்.

"ஏனுங்க, டாங்கில எருமையையா கட்டப் போறோம்?" என்றார் போனில்.

கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி. நாற்பது முடிச்சையும் அவிழ்த்து மறுபடி போட்டேன்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. டாங்கியை மட்டும் நான் பார்த்ததில்லை. போட்டோ கேட்டால், "கண்காட்சிக்கு வாங்க, நேர்ல பாருங்க. உங்க சாமானெல்லாம் பின்பக்கந்தான் இருக்குது" என்பார். நான் ஒவ்வொன்றாகச் செய்தவை ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வெறியே பிடித்திருந்தது.

கண்காட்சி நாளன்று காலைக் கறவை முடித்து, பொள்ளாச்சியில் பஸ் மாறி, பத்தரைக்குக் கோயம்புத்தூர் மண்டபத்தில் நின்றேன். ஒரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். டாங்கி சுவரோரம் மேசையில் இருந்தது, முகம் எங்களைப் பார்க்க, பின்பக்கம் சுவரைப் பார்க்க. யாரும் நெருங்காதபடி சுற்றிலும் கயிறு. நடுவர்கள் மூன்றரை மணிக்கு முடிவு சொன்ன பிறகுதான் மண்டபத்தின் நடுவே நகர்த்துவார்களாம்.

"இருந்து பாத்துட்டுப் போங்க. என்ன அவசரம்?" என்றார் இன்ஜினியர்.

"மாடு கறக்கோணுங்க சார்."

"ஊட்ல வேற யாருமில்லீங்களா?"

அதை எங்கிருந்து விளக்குவது? சுவரில் கன்னத்தை ஒட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு மூட்டையின் மூலையும் பாதி வாளியும் தெரிந்தன. காவலுக்கு இருந்தவர் தொண்டையைச் செருமினார், விலகிவிட்டேன். ஒரு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது மனைவிக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கு ஒரு வேளை நீ உக்காந்து பாரேன்."

"போன தடவ மடி வீங்கினது மறந்துபோச்சுங்களா?"

மறக்கவில்லை. பஸ் ஏறினேன். பொள்ளாச்சி வரை அந்த மாட்டை எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளால் எல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்றே முக்காலுக்குத் தொழுவத்தில் உட்கார்ந்தேன். கை பட்டதும் சுரந்துவிட்டது. அதைப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருந்தது. பாதிக் கறவையில் போன் அடித்தது. மனைவி எடுத்து என் காதில் வைத்தாள்.

"முதல் பரிசுங்க. எல்லாரும் பின்பக்கத்தத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க சார்" என்றேன். துளி சந்தோஷமும் இல்லை.

"இந்த மாட்ட வித்துப்போடலாம்" என்றேன் மனைவியிடம். இத்தனை வருடத்தில் அன்றுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. "வித்துப்போட்டு எங்க போவீங்க?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கறந்தபடியே யோசித்தேன். அந்த மண்டபத்தைத் தவிர வேறு ஓர் ஊரோ வீடோ மனதில் வரவில்லை. மண்டபமும் மறுநாள் காலியாகிவிடும்.