மூன்று கோடு இறங்கிய முள்

ஐம்பதுகளின் கடைசியில் செண்பகனூரில் நான் டீச்சராக இருந்தபோது, தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார டீச்சர் ஒருவர் தன் காற்றழுத்தமானியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மலை உயரத்துக்கென்றே செய்த வட்டமான பித்தளைக் கருவி. அவர் செய்துவந்தபடியே தினமும் காலை எட்டரைக்கு முள்ளைப் பார்த்து எழுதி, வாராவாரம் வானிலை அலுவலகத்துக்குக் கார்டு போட வேண்டும். கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு அந்த எண்ணைத்தான் அனுப்பினேன். கணக்கில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மாசியில் ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கும் எட்டிப் பார்த்தேன். காலையைவிட முள் மூன்று கோடு இறங்கியிருந்தது. அழுத்தம் குறைந்தால் மழை என்று வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் பூண்டு முற்ற இன்னும் சில நாள் இருந்தது. மழை பிடித்தால் மண்ணிலேயே அழுகிவிடும் என்று ஓடிப்போய்த் தோட்டக்கார அம்மாவிடம் சொன்னேன். அவரும் கணவரும் இருட்டுவதற்குள் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாள் நல்ல வெயில். அதற்கடுத்த நாளும் அப்படியே. பிடுங்கிய பூண்டு சிறுத்துக் கிடந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“விடுங்க டீச்சரம்மா. எங்க வீட்டுக்காரரு சொல்ற மழையுந்தான் வர்றதில்ல,” என்றார். சிரிக்கவில்லை.

அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினேன். காற்றழுத்தம் தினமும் முற்பகலில் ஏறி மாலையில் இறங்கும், மழைக்கு அது அடையாளமல்ல, முந்தின நாள் அதே நேரத்து அளவோடு ஒப்பிடுங்கள் என்று பதில் வந்தது. இவ்வளவு உயரத்தில் கடல்மட்டக் கணக்கில் பிழை அதிகம், கண்ணால் பார்த்த எண்ணையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்பினால் போதும் என்றும் இருந்தது. கர்வம் அன்றோடு போனது.

அடுத்த ஐப்பசியில் அவர்கள் மறுபடியும் பூண்டு எடுக்கத் தயாராக இருந்தார்கள். ஒரு காலை எட்டரைக்கு, முந்தின நாளைவிட மூன்று கோடு கம்மி. மறுநாள் இன்னும் இரண்டு. சொல்லவா வேண்டாமா என்று வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். பிறகு தோட்டக்கார அம்மாவிடம் போனேன்.

“ரெண்டு நாளா எறங்கிட்டே இருக்குங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

“அப்பப் பிடுங்கவா, வேணாமா?”

“நீங்கதான் முடிவு பண்ணணும்.”

அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, வெரசா பாதியப் பிடுங்கிருவோம்,” என்றார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

அன்று மாலை பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மண்ணில் இருந்த பாதி அழுகியது. பிடுங்கிய பாதி அடுப்படிப் பரணில் புகையில் காய்ந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றதால், அந்த வாரத்துக் கார்டு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.