சாட்சி இல்லாத வேலை

லேத்தில் நிற்பவனுக்குக் கையிலுள்ள கறை சாட்சி, விற்பவனுக்கு ரசீதுப் புத்தகம் சாட்சி. ப்ராடக்ட் மேனேஜருக்கு மட்டும் சாட்சியே கிடையாது. உங்கள் உத்தியோகமும் உங்கள் வீட்டாருக்கு விளங்கவில்லையா? வாருங்கள், நாம் பங்காளிகள். எண்பதுகளின் கடைசியில் ஓசூரில், மிக்ஸி தயாரிக்கும் கம்பெனியில் நான் பட்ட பாடு இது.

வீட்டுக்காரம்மா

பாகலூரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, என்ன வேலை என்று கேட்டார். மிக்ஸி எப்படி இருக்கணும்னு சொல்ற வேலைங்க என்றேன். உள்ளே போய், ஓடாத மிக்ஸி ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். எனக்கு ரிப்பேர் தெரியாது என்றதும் முகம் மாறிவிட்டது.

"ரிப்பேர் பண்ணத் தெரியாதவரா அது எப்படி இருக்கணும்னு சொல்றாரு?"

பெண் பார்த்த இடம்

பாரூரில் செல்வியைப் பெண் பார்க்கப் போனேன். பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவள் அப்பா மாரப்பன் கேள்வியை ஆரம்பித்தார். மிக்ஸியை நீங்க செய்யறீங்களா? இல்லை. விக்கறீங்களா? இல்லை. உங்களுக்குக் கீழ எத்தன பேரு? யாருமில்லை. மேனேஜர்னு சொன்னாங்களே? ஆமாம். அவர் கேசரித் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்புடுங்க தம்பி. விசாரிச்சிட்டுச் சொல்றோம்."

கேட்டில் விசாரணை

மாப்பிள்ளையைப் பற்றிக் கம்பெனி கேட்டில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யூனிஃபார்ம் போட்டவன் என்றால் பாதிக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு யூனிஃபார்ம் கிடையாது. மாரப்பன் வந்து கேட்டபோது, உற்பத்திப் பிரிவு ஆள், "செஞ்சதையெல்லாம் மாத்தச் சொல்வான்" என்று என்னைத் திட்டினாராம். விற்பனைப் பிரிவு ஆள், "கேட்டதை மாத்தவே மாட்டான்" என்று திட்டினாராம். விஷயம் தெரிந்து நான் கேட்டுக்கு ஓடினேன். மாரப்பன் பஸ் ஏறிவிட்டிருந்தார். வாட்ச்மேன்தான் ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாதீங்க சார், நான் ஒருத்தன்தான் திட்டல. நீங்க என்னா பண்றீங்கன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ஏரித் தண்ணீர்

வேண்டாம் என்பதை நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பாரூருக்குப் போனேன். செல்வி கதவோரம் நின்றிருந்தாள். மாரப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க ஏரியில தண்ணி பங்கு விடறவனுக்குத் தண்ணியும் சொந்தமில்ல, நெலமும் சொந்தமில்ல. தலமடக்காரனும் திட்டுவான், கடமடக்காரனும் திட்டுவான். ஒரு பக்கம் மட்டும் திட்டுனாத்தான் அவன்மேல சந்தேகப்படணும். உக்காருங்க மாப்ள."

இப்போது செல்வியும் சேர்ந்து திட்டுகிறாள். ஆகவே என் வேலையில் குறையொன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.